முகவரி சரி, டேக் எங்கே?

கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். எங்கள் குழுவுக்கு வந்தவை பெரும்பாலும் ஒரே ரகப் புகார்கள்: 'காயின் அனுப்பிவிட்டேன், கணக்கில் ஏறவில்லை.' திறந்து பார்த்தால், அனுப்பியவர் முகவரியை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்திருப்பார். தொகை சரியாக இருக்கும். பிளாக்செயினிலும் பரிவர்த்தனை வெற்றி என்றே பதிவாகியிருக்கும். முகவரிக்குக் கீழே இருந்த இன்னொரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும்.

அந்தக் கட்டத்துக்கு ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் ஒவ்வொரு பெயர். எக்ஸ்ஆர்பியில் டெஸ்டினேஷன் டேக். ஸ்டெல்லர், காஸ்மாஸ், ஹெடெரா ஆகியவற்றில் மெமோ. டான்காயினில் சில இடங்களில் மெமோ, சில இடங்களில் கமென்ட். பெயர் எதுவானாலும், வந்து சேர்ந்த காயின் எந்த வாடிக்கையாளருடையது என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்வதுதான் அதன் வேலை.

ஒரு காலிக் கட்டத்தால் வாரக்கணக்கில் பணம் முடங்குவதையும், அந்த வாரங்களில் வீட்டில் உள்ளவர்கள் தூக்கமில்லாமல் தவிப்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். கிரிப்டோ வாங்கலாமா, வேண்டாமா என்பது வேறு விவாதம். வாங்கிய ஒருவர் அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும் வேளையில் இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரே முகவரி, எல்லா வாடிக்கையாளர்களும்

பிட்காயினோ ஈதரோ டெபாசிட் செய்யும்போது இந்தத் தொல்லை இல்லை. ஒரே மூலச் சாவியிலிருந்து எத்தனை முகவரிகளை வேண்டுமானாலும் செலவில்லாமல் உருவாக்கலாம். எனவே எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி முகவரி கொடுத்துவிடுகிறது. அந்த முகவரிக்கு வந்தது யாருடையது என்ற கேள்வியே எழாது.

எக்ஸ்ஆர்பி லெட்ஜரின் அமைப்பு வேறு. அங்கே ஒரு முகவரி இயங்க வேண்டுமானால் அதில் குறைந்தபட்ச இருப்பாகக் கொஞ்சம் எக்ஸ்ஆர்பி எப்போதும் கிடக்க வேண்டும். 2021 வரை அந்த இருப்பு 20 எக்ஸ்ஆர்பி. அந்த ஆண்டு 10 ஆகக் குறைத்தார்கள். 2024 டிசம்பரில் 1 ஆனது. ஸ்டெல்லரிலும் இதேபோல் அதன் காயினான எக்ஸ்எல்எம் 1 தேவை. பல லட்சம் வாடிக்கையாளர்களுக்கும் தனித்தனி முகவரி திறந்தால் எவ்வளவு பணம் முடங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் எக்ஸ்சேஞ்சுகள் ஒரே முகவரியை எல்லாருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு எண்ணைக் கொடுத்தன. அந்த எண்தான் டேக்.

பள்ளிக் கட்டணத்தை வங்கியில் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு இருப்பது ஒரே வங்கிக் கணக்கு. சலானில் பிள்ளையின் சேர்க்கை எண்ணை எழுதாமல் கட்டினால், பணம் பள்ளியின் கணக்கில் சேர்ந்துவிடும். பிள்ளையின் பெயரில் மட்டும் பாக்கி நிற்கும். வங்கிக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் சொன்ன கணக்கில் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

பிளாக்செயினும் அப்படித்தான். சாதாரணமாக அது பார்ப்பது முகவரியை மட்டும். டேக் சரியா தவறா, அந்த எண்ணில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்தப் பட்டியல் இருப்பது எக்ஸ்சேஞ்சின் உள்கணக்கில். ஆகவே டேக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுக்க முழுக்க அனுப்புகிறவர் கையில் இருக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற எச்சரிக்கைகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லர், காஸ்மாஸின் ஆட்டம், ஹெடெரா, டான்காயின், ஈஓஎஸ் என்ற பெயரில் இருந்து 2025 இல் வால்டா ஆன நெட்வொர்க் ஆகியவற்றில் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது டேக் அல்லது மெமோ கேட்பது வழக்கம். பிட்காயின், ஈத்தீரியம், டிரான் போன்றவற்றில் கேட்பதில்லை.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு அனுப்புவது ஆபத்து. காரணம், தேவையைத் தீர்மானிப்பது காயினின் பெயரைவிட அது பயணிக்கும் நெட்வொர்க். யுஎஸ்டிடி என்ற காயினை டிரான் வழியாக அனுப்பினால் மெமோ இல்லை. அதே யுஎஸ்டிடியை டான்காயினின் டான் நெட்வொர்க் வழியாக எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினால் மெமோ வேண்டும். யுஎஸ்டிசி என்ற காயினை ஸ்டெல்லர் வழியாக அனுப்பினாலும் அப்படியே. 'போன தடவை யுஎஸ்டிடி அனுப்பினேன், எதுவும் கேட்கவில்லையே' என்று சொன்ன பலரிடம் நான் முதலில் கேட்ட கேள்வி, போன தடவை எந்த நெட்வொர்க் என்பதுதான்.

பிஎன்பியில் நடந்த குழப்பம் இதற்கு எதிர்த்திசை. பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சின் பழைய பீக்கன் செயினில் டெபாசிட்டுக்கு மெமோ கட்டாயமாக இருந்தது. அந்தச் செயின் 2024 இல் மூடப்பட்டுவிட்டது. இன்று புழக்கத்தில் இருக்கும் பிஎன்பி ஸ்மார்ட் செயினில் மெமோ கிடையாது. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இல்லாத மெமோவைத் தேடி ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் உண்டு. எனவே நம்ப வேண்டியது ஒன்றைத்தான்: பணம் போய்ச் சேர வேண்டிய எக்ஸ்சேஞ்சின் டெபாசிட் பக்கம், இன்றைக்கு, உங்கள் கணக்கில், அந்தக் காயினுக்கும் அந்த நெட்வொர்க்குக்கும் எதைக் காட்டுகிறதோ அது.

என் மேசைக்கு வந்த சில புகார்கள்

ஈரோட்டிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பேசினார். வேறொரு எக்ஸ்சேஞ்சில் இருந்த எக்ஸ்ஆர்பியை எங்களிடம் மாற்றியிருந்தார், டேக் இல்லாமல். "தம்பி, காசு போனது போனதுதானா?" என்றார். "இல்லீங்கம்மா, எங்க முகவரிக்கு வந்திருக்கு. உங்க கணக்குன்னு அடையாளம் தெரியாம நிக்குது" என்று சொன்ன பிறகுதான் அவர் குரல் இறங்கியது. ஆனால் அதற்கு முன்பு பல நாட்கள் அனுப்பிய எக்ஸ்சேஞ்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவர்கள் கையில் ஒன்றுமே இல்லை. பரிவர்த்தனை லெட்ஜரில் ஏறிவிட்டால் அனுப்பியவர் திரும்பப் பெற முடியாது. காயின் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கேட்க வேண்டும். அனுப்பிய இடத்தை விட்டுவிட்டுப் பெற்ற இடத்தைப் பிடியுங்கள் என்பதை அன்றிலிருந்து எல்லாருக்கும் முதல் வரியாகச் சொல்லிவந்தேன்.

மதுரையைச் சேர்ந்த ஓர் இளைஞர் டேக்கைச் சரியாகத்தான் எழுதியிருந்தார். எழுதிய இடம் மாறிப்போனது. எக்ஸ்ஆர்பி லெட்ஜரில் டெஸ்டினேஷன் டேக் ஒரு தனிக் கட்டம்; மெமோ என்று இன்னொரு கட்டமும் உண்டு. சில வாலட்களில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். அவர் மெமோவில் எண்ணைப் போட்டுவிட்டு டேக்கைக் காலியாக விட்டிருந்தார். எக்ஸ்சேஞ்சின் கணினி டேக் கட்டத்தை மட்டுமே படிக்கும். நல்ல வேளையாக மெமோவும் லெட்ஜரில் பதிவாகும் என்பதால் அதுவே அவர் பக்கத்து ஆதாரமாக நின்றது.

இன்னொருவர் வீடியோ ஒன்றைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு படியாகச் செய்தவர். வீடியோவில் காட்டிய முகவரியும் தன் திரையில் தெரிந்த முகவரியும் ஒன்றாக இருக்கவே, வீடியோவில் இருந்த டேக்கையும் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார். முகவரி எல்லாருக்கும் பொது என்பதால் ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை. டேக் வீடியோ எடுத்தவருடையது. காயின் ஒரு நொடிகூடத் தயங்காமல் அவர் கணக்கில் ஏறிவிட்டது. காலியாக விட்டதைவிட இது சிக்கலான நிலை. டேக் இல்லாத காயின் உரிமையாளர் தெரியாமல் எக்ஸ்சேஞ்சிடம் நிற்கும். தவறான டேக்கோடு வந்தது இன்னொரு வாடிக்கையாளரின் இருப்பாகிவிடும். அவர் ஒப்புக்கொள்ளாமல் அதைத் தொட முடியாது. அவர் விற்றுவிட்டிருந்தால் பேச்சு இன்னும் நீளும்.

2024 இல் டெலிகிராம் விளையாட்டுகள் ஒரு புதிய கூட்டத்தை அழைத்து வந்தன. நோட்காயின், ஹாம்ஸ்டர் காம்பேட் என்று போனைத் தட்டித் தட்டிக் காயின் சேர்த்தவர்கள், அதை டான் நெட்வொர்க் வழியாக எக்ஸ்சேஞ்சில் பெற வந்தார்கள். பலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் கிரிப்டோ டெபாசிட். மெமோ என்றால் யுபிஐயில் எழுதுகிற குறிப்பு என்று நினைத்து, 'சேமிப்பு', 'அண்ணனுக்கு' என்றெல்லாம் எழுதியவர்களைப் பார்த்தேன். அவர்கள் மேல் குறை காண எனக்கு மனமில்லை. யுபிஐயில் அந்தக் கட்டத்தை விட்டாலும் பணம் போய்ச் சேரும் என்றே பழகியிருக்கிறோம். இங்கே அந்தக் கட்டம்தான் பணம் யாருக்கு என்று சொல்கிறது.

டானில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில வாலட்களில் கமென்ட்டைப் பூட்டி, பெறுகிறவர் மட்டும் படிக்கும்படி மறையாக்கம் செய்து அனுப்பும் வசதி இருக்கிறது. எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது அதைத் தொடாதீர்கள். டெபாசிட்டைப் பதிவுசெய்யும் கணினி எதிர்பார்ப்பது திறந்த எழுத்தில் இருக்கும் மெமோவை.

அனுப்பும் முன் நான் செய்வது

இந்த வரிசையை என் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்றும் நானே இதை மாற்றுவதில்லை.

1. முதல் கேள்வி: அந்த முகவரி யாருடையது? சீட் பிரேஸ் எனப்படும் 12 அல்லது 24 சொற்களை நீங்களே வைத்திருந்தால் அது உங்கள் சொந்த வாலட், டேக் தேவையில்லை. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் போட்டு உள்ளே போகிற எக்ஸ்சேஞ்ச் கணக்கு என்றால் முகவரி பொதுவாக இருக்கக்கூடும். டேக் இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். அனுப்பும் செயலி 'டேக் இல்லையா?' என்று எச்சரிக்கும்போது, பதில் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

2. பெறும் பக்கத்தை முதலில் திறங்கள். காயின், நெட்வொர்க் இரண்டையும் அங்கே தேர்ந்தெடுத்த பிறகு முகவரியையும் டேக்கையும் எடுங்கள். முன்பு சேமித்து வைத்தது, வாட்ஸாப்பில் பழைய செய்தியாகக் கிடப்பது, பரிவர்த்தனை வரலாற்றில் இருப்பது எதையும் எடுக்க வேண்டாம். எக்ஸ்சேஞ்சுகள் டெபாசிட் முகவரியை மாற்றுவது உண்டு. வரலாற்றில் உங்கள் முகவரி போலவே தோன்றும் ஒரு போலி முகவரியிலிருந்து சில்லறைத் தொகை அனுப்பிவைத்துக் காத்திருக்கும் மோசடியும் நடக்கிறது.

3. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தாலும் டேக் கட்டத்தைப் பாருங்கள். பல எக்ஸ்சேஞ்சுகள் முகவரிக்கு ஒரு குறியீடு, மெமோவுக்கு ஒரு குறியீடு என்று இரண்டாகக் காட்டுகின்றன. முதலாவதை மட்டும் ஸ்கேன் செய்தால் மெமோ தானாக நிரம்பாது.

4. தட்டச்சு செய்யாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு முகவரியின் முதல் சில எழுத்துகளையும் கடைசிச் சில எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். டேக்கை முழுவதுமாக ஒப்பிடுங்கள், அது சின்னதுதானே. எண்ணுக்கு முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. மெமோவின் வகையைக் கவனியுங்கள். ஸ்டெல்லரில் மெமோ பல வகைப்படும். எண் வகை உண்டு. 28 பைட் வரை பிடிக்கும் எழுத்து வகை உண்டு. ஹேஷ் வகையும் உண்டு. எக்ஸ்சேஞ்ச் 'மெமோ ஐடி' என்று சொன்னால் எண் வகையையே தேர்ந்தெடுங்கள். எழுத்து வகையில் போட்டால், கண்ணுக்கு ஒரே எண்ணாகத் தெரிந்தாலும் லெட்ஜரில் அது வேறு பதிவு.

6. எக்ஸ்ஆர்பி டேக் முழு எண்ணாக மட்டுமே இருக்கும். 0 முதல் 4,294,967,295 வரை. ஏறத்தாழ 429 கோடி. நம் நாட்டுக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்கும் பத்து இலக்க எண்கள். எல்லாமே இந்த வரம்பைத் தாண்டியவை. ஆகவே கைபேசி எண்ணை அங்கே போட்டால் வாலட் ஏற்காது. ஏற்காதபோது கடைசி இலக்கத்தை அழித்துவிட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். சூன்யமும் ஒரு டேக்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். காலியாக விடுவதும் சூன்யம் போடுவதும் ஒன்றாகாது.

7. முதலில் ஒரு சிறு தொகை. எக்ஸ்ஆர்பி பரிவர்த்தனை மூன்று முதல் ஐந்து நொடிகளில் உறுதியாகிறது. ஸ்டெல்லரும் ஏறத்தாழ அவ்வளவே. இரண்டிலும் நெட்வொர்க்கின் அடிப்படைக் கட்டணம் 0.00001 காயின். எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுப்பதானால் அவர்கள் வைத்திருக்கும் விட்ராயல் கட்டணம் இரண்டு முறை போகும். அதைக் கொடுக்கத் தயங்காதீர்கள். ஒரே நிபந்தனை: பெறும் எக்ஸ்சேஞ்சின் குறைந்தபட்ச டெபாசிட் அளவுக்குக் கீழே அனுப்பிவிடாதீர்கள். அப்படி அனுப்பினால் டேக் சரியாக இருந்தும் வரவு ஏறாது. சோதனையால் எதுவும் தெரியவராது.

8. சோதனை வெற்றி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பிளாக்செயினில் 'வெற்றி' என்று காட்டுவது போதாது. பெறும் எக்ஸ்சேஞ்சில் உங்கள் கணக்கின் இருப்பு கூடியிருக்க வேண்டும். அதன் பிறகு அதே முகவரி, அதே டேக் கொண்டு மீதியை அனுப்புங்கள். அவசரத்தில் மறுபடியும் முதலிலிருந்து நிரப்பி, இரண்டாவது தடவை டேக்கை விட்டவர்களின் புகார்களையும் படித்திருக்கிறேன்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கை. மெமோ பிளாக்செயினில் எல்லாரும் பார்க்கும்படி நிரந்தரமாகப் பதிகிறது. அதில் பான் எண், கைபேசி எண், பெயர் எதையும் எழுத வேண்டாம். சீட் பிரேஸின் சொற்களை ஒருபோதும் அந்தக் கட்டத்தில் இடாதீர்கள். எந்த எக்ஸ்சேஞ்சும் அதைக் கேட்காது. அங்கே எழுதப்பட்ட நொடியே அந்த வாலட்டின் சாவி ஊருக்கே பொதுவாகிவிடும்.

டேக் விட்டுப்போனால்

பதற்றத்தில் இரண்டாவது பரிவர்த்தனை அனுப்பாதீர்கள். முதலாவதைச் சரிசெய்ய, வெறும் டேக்கோடு இன்னொரு சிறு தொகை அனுப்பினால் இரண்டும் இணைந்துகொள்ளும் என்று நம்பியவர்கள் உண்டு. அப்படி இணையாது.

முதலில் டிரான்ஸாக்‌ஷன் ஹேஷை, அதாவது அந்தப் பரிவர்த்தனையின் அடையாளக் குறியீட்டை, தேடி எடுங்கள். அதைப் பிளாக்செயின் எக்ஸ்ப்ளோரரில் போட்டு, போய்ச் சேர்ந்த முகவரி எக்ஸ்சேஞ்சின் டெபாசிட் முகவரிதானா என்று உறுதிசெய்யுங்கள். முகவரி சரி, டேக் மட்டுமே விட்டுப்போனது என்றால் மீட்க வழி இருக்கிறது. பெறும் எக்ஸ்சேஞ்சின் செயலிக்குள் இருக்கும் உதவிப் பக்கத்தில் புகார் பதிவுசெய்யுங்கள். பல எக்ஸ்சேஞ்சுகளில் 'டேக் இல்லாத டெபாசிட்' என்று தனிப் படிவமே உண்டு.

புகாரில் நாங்கள் எதிர்பார்த்தவை: காயின், நெட்வொர்க், தொகை, நேரம், ஹேஷ், அனுப்பிய முகவரி, உங்கள் கணக்குக்கு உரிய சரியான டேக். இன்னொரு எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பியிருந்தால், அங்கே உங்கள் கணக்கில் அந்த விட்ராயல் ஹேஷோடு தெரியும்படி திரைப்பதிவு. சொந்த வாலட் என்றால், அது உங்களுடையதுதான் என்று காட்ட அதிலிருந்து அவர்கள் சொல்லும் சிறு தொகையை அனுப்பச் சொல்லலாம். இவ்வளவும் எதற்கு என்று சிலருக்குக் கோபம் வரும். லெட்ஜர் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. டேக் இல்லாமல் வந்த தொகை ஒன்றைக் கண்டுபிடித்து 'அது என்னுடையது' என்று சொல்ல எவராலும் முடியும். அந்தப் பொய்யர்களிடமிருந்து உங்கள் பணத்தைக் காப்பதற்கே அத்தனை கேள்விகள். எல்லா விவரத்தையும் முதல் கடிதத்திலேயே கொடுத்தவர்களின் புகார் சீக்கிரம் முடிந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தவை இழுத்துக்கொண்டே போயின. ஒரே விஷயத்துக்குப் பத்துப் புகார் போடுவதும் வேலையைத் தாமதப்படுத்தும். ஒரே எண்ணில் தொடர்ந்து எழுதுங்கள்.

மீட்டுக் கொடுப்பதற்கு எக்ஸ்சேஞ்ச் கட்டணம் கேட்கலாம். சில இடங்களில் குறிப்பிட்ட தொகைக்குக் கீழே எடுத்துக்கொள்வதே இல்லை. இந்த விதிகள் ஒவ்வோர் எக்ஸ்சேஞ்சிலும் மாறும். அனுப்பும் முன்பே ஒரு தடவை படித்து வைப்பது நல்லது.

இந்த நேரத்தில்தான் இன்னோர் ஆபத்தும் வாசலில் நிற்கும். சமூக வலைத்தளத்தில் 'என் டெபாசிட் வரவில்லை' என்று எழுதிய சில நிமிடங்களில் 'உதவிப் பிரிவிலிருந்து பேசுகிறோம்' என்று டெலிகிராமிலோ வாட்ஸாப்பிலோ ஆட்கள் வருவார்கள். சீட் பிரேஸ் கேட்பார்கள், ஒரு இணைப்பைத் தருவார்கள், 'மீட்புக் கட்டணம்' என்று முன்பணம் கேட்பார்கள். டேக் இல்லாத டெபாசிட்டை வெளியாள் எவராலும் மீட்க முடியாது, அது இருக்கும் முகவரியின் சாவி எக்ஸ்சேஞ்சிடம் மட்டுமே உண்டு. அப்படி யாரிடமாவது பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். நேரம் போகப் போகத் தடுக்கும் வாய்ப்பு குறையும்.

கணக்கு எழுதி வையுங்கள்

இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. 2022 ஜூலை முதல் விற்பனையில் 1 சதவீத டிடிஎஸ். உங்கள் ஒரு கணக்கிலிருந்து உங்களுடைய இன்னொரு கணக்குக்கு மாற்றுவது விற்பனை ஆகாது. ஆனால் அது விற்பனை இல்லை என்று காட்ட உங்களிடம் தாள் இருக்க வேண்டும். தேதி, காயின், தொகை, ஹேஷ், எங்கிருந்து எங்கே, எந்த டேக் என்று ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ ஒரு வரி எழுதி வையுங்கள். 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டதால், வந்த காயினின் மூலத்தை அவர்கள் கேட்பதும் இயல்பாகிவிட்டது. அன்று இந்த ஒரு வரி கைகொடுக்கும். டேக் விட்டுப்போன புகாருக்கும் இதுவே முதல் ஆதாரம்.

எக்ஸ்சேஞ்சுகளுக்கும் வாலட் செய்பவர்களுக்கும்

எல்லாப் பாரத்தையும் அனுப்புகிறவர் தலையில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தொழில்நுட்பத்தில் தீர்வுகள் ஏற்கெனவே இருக்கின்றன. எக்ஸ்ஆர்பி லெட்ஜரில், டேக் இல்லாத பரிவர்த்தனையை ஏற்காதே என்று ஒரு முகவரிக்குக் கட்டளை வைக்கலாம். அப்படி வைத்தால் டேக் இல்லாமல் வருவது லெட்ஜரிலேயே தோற்றுவிடும். அனுப்பியவருக்குப் போவது சொற்பக் கட்டணம் மட்டும். டேக் தவறாக இருந்தால் இது காப்பாற்றாது என்றாலும், காலிக் கட்டம் என்ற பெருந்துயரத்தைத் துடைத்துவிடும். ஸ்டெல்லரிலும் மெமோ கட்டாயம் என்று கணக்கில் குறித்து வைக்கலாம். ஆனால் அந்தக் குறிப்பை அனுப்பும் வாலட் படித்துப் பார்த்தால்தான் பயன்.

இன்னும் ஒரு படி மேலே, முகவரியையும் டேக்கையும் ஒரே சரமாகக் கோக்கும் முறைகளும் உண்டு. எக்ஸ்ஆர்பியில் ஆங்கில 'எக்ஸ்' எழுத்தில் தொடங்கும் முகவரி அப்படிப்பட்டது. ஸ்டெல்லரில் 'எம்' எழுத்தில் தொடங்குவது. மறப்பதற்கு இரண்டாவது கட்டமே அங்கே இல்லை. மொனேரோ நெட்வொர்க் தன் பேமென்ட் ஐடியின் தொல்லையைப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு துணைமுகவரி தரும் வழிக்கு மாறிவிட்டது. மற்றவர்களும் இந்த வசதிகளைத் தயங்காமல் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். டெபாசிட் பக்கத்தில் டேக்கை முகவரிக்குக் கீழே சின்ன எழுத்தில் வைக்காமல், அதற்கு மேலே பெரிதாக, தமிழிலும் எழுதி வைத்தால் எத்தனையோ புகார்கள் பிறக்காமலே போகும்.

அதுவரை பொறுப்பு நம் கையில்தான். வீட்டில் யாராவது முதல் தடவை காயின் அனுப்பப் போகிறார்கள் என்றால் பக்கத்தில் உட்காருங்கள். முகவரியோடு டேக்கையும் எழுத்து வடிவில், தனிச் செய்தியாக அனுப்பிவையுங்கள். போனில் வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். சிறு தொகை போய்ச் சேர்ந்து இருப்பில் ஏறும்வரை பெரிய தொகையைத் தொட விடாதீர்கள். விலை ஏறுகிறது, இறங்குகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் இந்த வரிசையைக் குலைக்காதீர்கள். டேக்கைச் சரிபார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. விட்டுப்போனதை மீட்க வாரங்கள் ஆகும், அதுவும் எக்ஸ்சேஞ்ச் மனம் வைத்தால்தான்.